ஐந்தரை மணிக் குழம்பு

எனக்குக் கோபம் வந்தால் நெற்றி நரம்பு புடைக்கும் என்று என் மகள் நிஷா சொல்வாள். சனிக்கிழமையிலிருந்து அது அடங்கவே இல்லை. முதல் கோபம் என் வீட்டுக்காரர் வேதகிரி மேல். அடுத்தது என் மேல். மீதியை ஊர் ஆம்பளைகளுக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுக்கலாம், அவ்வளவு இருக்கிறது.

சமைப்பது எனக்குப் பெரிய கஷ்டமில்லை. அது கைக்குப் பழகிய வேலை. ராத்திரிக்கு என்ன சமைப்பது என்று முடிவு பண்ணுவதுதான் உயிரை வாங்கும். கூடையில் இருக்கிற கத்திரிக்காயை இன்றைக்கு விட்டால் நாளைக்குக் குப்பை. மாவு புளித்துக்கொண்டு கிடக்கும். செவ்வாய், வெள்ளி மீன், கருவாடு என்று எந்தக் கவிச்சியும் ஆகாது. கிருத்திகை என்றைக்கு வருகிறது என்று காலண்டரைப் பார்க்க வேண்டும், அவருக்கு முருகன் விரதம். புளி ஏறினால் அவருக்கு நெஞ்சு எரியும். நிஷா பாகற்காயைத் தொடமாட்டாள். நேற்று வைத்ததை இன்றைக்கு வைத்தால் முகம் தூக்கிக்கொள்ளும். இத்தனையும் மண்டையில் போட்டுக் குழப்பிவிட்டுத்தான் ஒருத்தி "காரக்குழம்பு" என்று ஒரு வார்த்தை சொல்கிறாள். கேட்கிறவனுக்கு அது ஒரு வார்த்தைதான்.

நான் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஒயர் கட்டுகிற லைனில் வேலை செய்கிறேன். மானாம்பதியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே எங்கள் வீடு. ரோட்டுக்கு வந்தால் கம்பெனி பஸ் ஏற்றிக்கொள்ளும். முன்பு எனக்கு முதல் ஷிப்டு, மாலை நாலு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். கார்த்திகை முடிந்ததும் ஜெனரல் ஷிப்டில் போட்டு, ஓ.டி.யும் கட்டாயம் என்று சொல்லிவிட்டார்கள். வீடு வந்து சேர எட்டே முக்கால் ஆகிவிடும். வேதகிரி அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். காலை நாலு மணிக்குக் கிளம்பி, மதியம் மூன்றுக்குத் திரும்பிவிடுவார். ராத்திரி ஏழு மணிக்கு அவருக்குத் தட்டு முன்னால் இருக்க வேண்டும்.

"நான் பாத்துக்கறேன் லட்சுமி. நீ போன்ல சொல்லு, நான் செய்றேன்" என்றார் அவர். கல்யாணம் ஆகிப் பத்தொன்பது வருஷத்தில் அந்த மாதிரி ஒரு வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன். ஆதிலட்சுமி என்கிற என் பெயரை ஆசையாகக் கூப்பிட்டதும் அன்றைக்குத்தான்.

கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். மாலை ஐந்தரைக்குப் பத்து நிமிஷம் பிரேக். அந்தப் பத்து நிமிஷத்தில் டீ, பாத்ரூம், சமையல் மூன்றும் முடிய வேண்டும். காம்பவுண்டு சுவர் ஓரமாக நாற்பது பொம்பளைகள் வரிசையாக நின்று போனில் குழம்பு வைத்துக்கொண்டிருப்போம். "வெங்காயம் செவந்துச்சா? தக்காளி போடு." "சென்னாக்குனிக் கருவாட்ட வாணல்ல வறுத்துட்டுப் போடு, பச்சையா போட்டுடாத." முக்கால்வாசிப் பேர் மாமியாரிடமோ பெண்ணிடமோ பேசுவார்கள். புருஷனிடம் பேசியது நான் ஒருத்திதான்.

"முருங்கக்கீர கீது பாரு மாமா, பருப்பு போட்டு கடஞ்சிடு. பூண்டு நாலு பல்லு தட்டிப் போடு" என்பேன்.

"ம்ம்" என்பார்.

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு சோபியாவிடம் தினமும் சொல்வேன். "எங்க வூட்டுக்காரரு நேத்து வெச்ச மொச்சக் கொழம்பு கீதே, அப்படி ஒரு மணம்" என்பேன். "நீ குடுத்து வெச்சவக்கா. எங்காளு தண்ணி கூட மொண்டு குடிக்கமாட்டான்" என்பாள் சோபியா. பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வைக்காகவே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது அவர் எதிரிலேயே சொல்வேன், "ரசம் சூப்பரா கீது மாமா." அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டு, "நீ சொன்னபடிதான் வெச்சது" என்பார். நிஷா புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள்.

நிஷா பன்னிரண்டாவது படிக்கிறாள். பி.எஸ்சி. நர்சிங் படிக்க வேண்டும் என்று அவளுக்கும் ஆசை, எனக்கும் ஆசை. போன சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள் என்று அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். வகுப்பு டீச்சர் சாய்ரா என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா, ஏன் நிக்கறீங்க? தையல் எல்லாம் ஆறிடுச்சா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னா தையல் டீச்சர்?"

"கர்ப்பப்பை ஆபரேஷன் பண்ணி, எழுந்திரிக்க முடியாமப் படுத்திருக்கீங்கன்னு நிஷா சொன்னாளே. அதனாலதானே அவ ஸ்பெஷல் கிளாசுக்கு வர்றதில்ல?"

சாயங்காலம் நாலே முக்காலிலிருந்து ஆறரை வரைக்கும் ஸ்பெஷல் கிளாஸ். நன்றாகப் படிக்கிற இருபது பேரை மட்டும் பொறுக்கி எடுத்து நடத்துகிறார்கள். நிஷா மூன்று வாரமாக அந்த வகுப்பில் உட்காரவில்லை. அரையாண்டுத் தேர்வில் கெமிஸ்ட்ரி எழுபதுக்கு முப்பத்தொன்று. டீச்சர் பேப்பரை எடுத்துக் காட்டினார். இல்லாத ஆபரேஷனைப் பற்றி நான் டீச்சரிடம் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் என் மகள் பொய்க்காரி ஆகியிருப்பாள்.

"திங்கக்கிழமை டெஸ்ட் வெக்கறேன்மா. அன்னைக்கு அவ கடைசி வரைக்கும் உக்காந்து எழுதணும். வரலன்னா, பாதியில எழுந்து போனாலும் சரி, பேர எடுத்துட்டு வேற புள்ளையப் போட்டுடுவேன். எனக்கும் வேற வழியில்ல" என்றார் டீச்சர்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள் நிஷா. வீட்டு வாசலில் கட்டிலில் கால் நீட்டிப் படுத்து, வேதகிரி போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மூணு வாரமா வூட்ல யாரு சமச்சது?" என்று கேட்டேன்.

அவர் போனை அணைத்தார். நிஷாவைப் பார்த்தார். அந்த ஒரு பார்வை போதாதா எனக்கு?

"மொத நாளு நாந்தான் வெச்சேன். அரிசி அடி புடிச்சிடுச்சு, கைல சுட்டுக்கினேன். அவளா வந்து, நீ தள்ளுப்பா, நான் பண்றேன்னா. நானா கூப்ட்டேன்?"

"மொத நாளு சரி. மறு நாளு? அதுக்கு மறு நாளு? நான் அங்க பத்து நிமிசத்துல டீய கூடக் குடிக்காம உங்கிட்ட கத்திக்கினு கீறேன், நீ ம்ம் ம்ம்னு கேட்டுட்டு புள்ளைக்கு ஆர்டர் போட்டுக்கினு கீற. நல்லா கீதுன்னு சொன்னா கழுத்த வேற சொறியிற!"

"நீ சொன்னபடி வெச்சதுன்னுதானே சொன்னேன். நான் வெச்சேன்னு சொன்னேனா? பொட்டப் புள்ள, நாளைக்கு ஒருத்தன் வூட்டுக்குப் போறவ. கத்துக்கினா இன்னா தேஞ்சா பூடும்?"

கையில் அகப்பட்ட அலுமினியச் சொம்பைத் தூக்கி எறிந்தேன். அவர் மேல் எறியவில்லை, சுவர் மேல்தான். எறிந்த பிறகு, அவர் மேலேயே எறிந்திருக்கலாம் என்று தோன்றியது. பக்கத்து வீட்டு சிட்டம்மாள் எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"தேஞ்சிதான் போச்சு, போய் மார்க்கப் பாரு! கடையறதுக்கும் தாளிக்கறதுக்கும் அவளுக்கு ஆயுசு பூரா கெடக்குது. கெமிஸ்ட்ரிக்கு ரெண்டு மாசம்தான் கீது! திங்கக்கெழம டெஸ்ட்ல பாதியில எழுந்தாலே பேர எடுத்துடுவாங்களாம்!"

அப்புறம் நிஷா பக்கம் திரும்பினேன். அவளையும் விடவில்லை. "உனக்கு வாய் இல்ல? ஊருக்கெல்லாம் எனக்கு ஆபரேஷன் பண்ணத் தெரியுது, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லத் தெரியல?"

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீ தெனம் வந்து, பஸ்ல சோபியாக்கா இப்படி சொன்னாங்க, அவங்க அப்படி பாத்தாங்கன்னு சிரிச்சிக்கினே சொல்லுவம்மா. நீ அந்த மாதிரி சிரிச்சி நான் பாத்ததே இல்ல. அந்த சிரிப்ப எப்படி நான் கெடுக்கறது?"

ஞாயிற்றுக்கிழமை முழுக்க, பஸ்ஸில் பீற்றிக்கொண்ட ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்து என் முகத்தில் அறைந்தது. என் மகள் படிப்பைப் போட்டுத்தான் எனக்கு அந்தப் பெருமையை ஆக்கிப் போட்டிருக்கிறாள். அதை மூன்று வாரம் ருசித்துச் சாப்பிட்டவள் நான்.

திங்கட்கிழமை விடியற்காலை அவர் மில்லுக்குக் கிளம்பும்போதே நிஷாவை எழுப்பிச் சொன்னேன், "டெஸ்ட்ட முடிச்சிட்டுத்தான் வர்ற. நடுவுல அடுப்புகிட்ட உன்னப் பாத்தேன்னா கைய ஒடச்சிடுவேன்." அவர் காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

சாயங்காலம் பிரேக்கில் நான் போன் பண்ணவில்லை. அவரே பண்ணினார்.

"இன்னா கொழம்பு வெக்கறது?"

"நிஷா எங்க?"

"கிளாசுக்குப் போயிட்டா. எனக்குப் பசிக்குது. இன்னா வெக்கறதுன்னு சொல்லு."

"கூடயில இன்னா கீதுன்னு பாரு. டப்பாவுல இன்னா கீதுன்னு பாரு. இன்னிக்கு இன்னா கெழமன்னு பாரு. நீயே ரோசன பண்ணு."

வைத்துவிட்டேன். மறுபடி நாலு தடவை அடித்தது. நான் எடுக்கவில்லை. பல நாளைக்குப் பிறகு டீயைச் சூடாகக் குடித்தேன். பஸ்ஸில் சோபியா, "இன்னிக்கு அண்ணன் இன்னாக்கா ஸ்பெஷல்?" என்று கேட்டாள். "அவரு எந்த நாளும் சமச்சதில்ல. எம் பொண்ணுதான் படிப்ப வுட்டுட்டு சமச்சா. நான் உங்கிட்ட சொன்னதெல்லாம் பொய்" என்றேன். பஸ் அன்றைக்கும் திரும்பிப் பார்த்தது. பார்த்தவர்களில் இரண்டு பேர் சட்டென்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டிலும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வீட்டில் அடுப்பு பற்ற வைத்த அடையாளமே இல்லை. அரிவாள்மணைக்குப் பக்கத்தில் உரித்த வெங்காயம் ஒன்று உருண்டு கிடந்தது. வேதகிரி கட்டிலில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"உம் பொண்ணு என்ன அசிங்கப்படுத்திட்டா. நீ போன எடுக்கல. புளி எவ்ளோ கரைக்கறதுன்னு கேக்கலாம்னு ஸ்கூலுக்கு வண்டில போனேன். கேட்டாண்ட நின்னு வாட்ச்மேன உள்ள அனுப்பறேன், வெளில வரமாட்டேன்னு சொல்லிட்டாளாம். பெத்த அப்பன் ரோட்ல நிக்கறேன்!"

டெஸ்ட் நடக்கிற நேரத்தில் புளிக்கு வழி கேட்கப் போயிருக்கிறார் மனிதர். பாதியில் எழுந்து போனால் பேர் போய்விடும் என்று சனிக்கிழமையே தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். நிஷாவைப் பார்த்தேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மடியில் புத்தகத்தை வைத்திருந்தாள்.

"முழுசா எழுதினியா?"

"எழுதிட்டேன்மா. டீச்சர் பேர எடுக்கல. வாட்ச்மேன் வந்து, உங்கப்பா வந்திருக்காருன்னாரு. அவசரமான்னு கேக்க சொன்னேன். கொழம்பு விசயம்னாராம். கிளாஸே சிரிச்சுச்சு. நான் எழுந்திருக்கல."

எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் பதினோரு மணி நேரம் நின்ற கால், காலையில் சாப்பிட்ட இரண்டு இட்லி, மதியக் கேன்டீன் சோறு. பிள்ளைக்கும் பசித்திருக்கும். அரை மணியில் ஒரு ரசம் வைத்து அப்பளம் பொரித்துவிடலாம். பையைக் கீழே வைத்தேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டது நான்தானா என்று எனக்கே தெரியவில்லை, கை தானாகச் செய்தது. வேதகிரி கட்டிலில் கால் நீட்டிப் படுக்கப்போவது கடைக்கண்ணில் தெரிந்தது.

நிஷா என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ இப்ப உள்ள போனா, நாளைக்கு நான் போவணும்மா."

நின்ற இடத்திலேயே நின்றேன். அந்தப் பிள்ளைக்குப் பதினேழு வயசு. நாற்பது வயசு வரைக்கும் எனக்குப் புரியாதது அவளுக்குப் புரிந்திருக்கிறது.

முந்தானையை அவிழ்த்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். காலை நீட்டினேன். வேதகிரி என்னைப் பார்த்தார், சமையல்கட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"மாமா, எங்க ரெண்டு பேருக்கும் பசிக்குது" என்றேன்.