பல்பு எரியாத புத்தகங்கள்

யாராவது முழுதாகப் படித்த புத்தகத்தில் மின்சாரம் பாயும், படிக்காத புத்தகத்தில் பாயாது. ஏழாம் வகுப்புப் பாடத்தில், தாமிரத்துக்கும் ரப்பருக்கும் அடுத்த பத்தியில் இது இருக்கிறது. அதனால் பள்ளி நூலகங்களிலும் இனி அறிவியல் செயல்பாடுகள் நடக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தபோது, இயற்பியல் எடுக்கும் ஜெசிந்தா டீச்சர் ரொம்ப யோசிக்கவில்லை. ஒரு பேட்டரி, இரண்டு வயர், ஒரு சின்ன பல்பு எடுத்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு என் அறைக்கு வந்துவிட்டார்.

நான் ஓவிய ஆசிரியர். நூலகம் எனக்குக் கூடுதல் பொறுப்பு. ஓவியத்துக்கு வாரம் இரண்டு பீரியட்தான், மீதி நேரம் ஆள் சும்மாதானே இருக்கிறார் என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள். பத்தொன்பது வருடத்தில் ஒரு புத்தகம்கூடக் காணாமல் போனதில்லை. தணிக்கைக்கு வந்தவர்கள் மூன்று முறை பாராட்டி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆறு கண்ணாடி பீரோ, ஆறு பூட்டு, சாவிக்கொத்து என் இடுப்பில். கொடுத்தால்தானே போகும்.

சோதனை மூன்று நாள் நடந்தது. நஸ்ரின் என்ற பெண் ஒரு வயரை முன்னட்டையிலும் இன்னொன்றைப் பின்னட்டையிலும் வைப்பாள். பல்பைப் பார்ப்பாள். "இல்ல மிஸ்" என்பாள். பக்கத்தில் இருப்பவள் படிவத்தில் பெருக்கல் குறி போடுவாள். முதல் நாள் எனக்கு அவமானமாக இருந்தது. இரண்டாம் நாள் கொட்டாவி வந்தது.

மூன்றாம் நாள் மதியம், தேனீ வளர்ப்பு பற்றிய ஒரு புத்தகத்தில் பல்பு எரிந்தது. எவரோ பீரோவைத் திறந்திருக்கிறார்கள். ஓடிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தேன், கெட்டியாகத்தான் இருந்தது. ஜெசிந்தா டீச்சர் புத்தகத்தைப் பிரித்தார். முன்னட்டையில் தொடங்கிய ஒரு துளை, ஒரு பக்கம் விடாமல் பின்னட்டை வரை போயிருந்தது. கடைசிப் பக்கத்தில், புத்தகம் அரிக்கும் ஓர் இராமபாணப் பூச்சி உட்கார்ந்திருந்தது. படிவத்தில் 'வாசகர்' என்ற கட்டத்தில் அவர் 'பூச்சி' என்று எழுதினார். வாசகர் என்றால் உறுப்பினர் அட்டை வேண்டுமே என்றார் தலைமை ஆசிரியர் சம்பந்தமூர்த்தி. எழுதிக் கொடுத்தேன். பத்தொன்பது வருடத்தில் நான் எழுதிய முதல் அட்டை அது. எழுத்து நன்றாக வந்திருந்தது.

படிவத்தின் கடைசி வரிசையில் 'பொறுப்பாசிரியர்' என்று இருந்தது. நான் செருப்பைக் கழற்றினேன். நஸ்ரின் ஒரு வயரை என் நெற்றியிலும் மற்றதை என் குதிகாலிலும் வைத்தாள். புத்தகங்களுக்கு வைத்ததைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே வைத்திருந்தாள். நல்ல பெண். பிறகு "இல்ல மிஸ்" என்று மெதுவாகச் சொன்னாள்.

மின்சாரம் பாயாதவை, நான் உட்பட, மாவட்டக் கிடங்குக்குப் போக வேண்டும். அந்தக் கட்டடத்துக்கு ஜன்னல் கிடையாது. அங்கே போன எதையும் யாரும் திரும்பக் கேட்டதில்லை. புத்தகங்களை ஏற்ற லாரி அன்றிலிருந்து பதினைந்தாம் நாள் நாலு மணிக்கு வரும். அதற்குள் எவராவது என்னை முதலிலிருந்து கடைசி வரை கேட்டு முடித்துவிட்டால், மறுசோதனையில் தேறி நான் இங்கேயே இருக்கலாம். எனக்குப் பயமாக இருந்தது.

அன்று மாலை என் மனைவி பூங்கோதையை உட்காரவைத்துப் பிறந்ததிலிருந்து சொல்லத் தொடங்கினேன். ஐந்தாம் வகுப்பு வரை நன்றாகவே போனது. கலர் பென்சில் டப்பாவைத் திருடிவிட்டேன் என்று என்னைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திய இடம் வந்தபோது, "ஒரு நிமிஷங்க, தொட்டி நிரம்பி வழியும்" என்று மோட்டாரை நிறுத்தப் போனாள். நடுவில் விட்டால் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும், விதி அப்படி. மறுநாளும் அதே பெஞ்சில் நிற்கும்போது மோட்டாரை நிறுத்தப் போனாள். மூன்றாம் நாள் அவள் தங்கை போன் செய்தாள்.

"நான் கேட்டுக்கிட்டுத்தானங்க இருக்கேன்" என்றாள்.

இருபத்தாறு வருடமாக நானும் அவளிடம் அதையேதான் சொல்லி வந்திருக்கிறேன். அதனால் ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியாரிடம் முயன்றேன். அவர் நான் சொன்ன வருடங்களைக் கூட்டிப் பார்த்துத் தவறு கண்டுபிடித்தார். அதற்குள் மணி அடித்துவிட்டது.

ஒன்பது நாள் இப்படியே போனது. நூலக உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

மூன்றாம் பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்து, முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டேன். சம்பந்தமூர்த்தி பூட்டைக் கையில் எடுத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க டிராயிங் சார். நீங்க காணாமப் போனா நான்தான் பதில் சொல்லணும்."

நான் ஒன்றும் நினைக்கவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் பூட்டியிருப்பேன்.

பூச்சி என் இடது குதிகாலில் தொடங்கியது. வலி இல்லை, லேசான குறுகுறுப்புதான். மெதுவாகப் படித்தது, ஆனால் ஒரு வரி விடவில்லை. இரண்டாம் நாள் அந்தப் பெஞ்சு வந்தது. பூச்சி அங்கே வெகுநேரம் நின்றது. திருடியது நானில்லை என்பதையும் படித்துவிட்டுத்தான் நகர்ந்தது. நான் வாய்விட்டு அழுதேன். கண்ணாடிக்கு வெளியே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் காகிதத்தில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பூங்கோதை தினமும் மதியம் கேரியரோடு வருவாள். சம்பந்தமூர்த்தி பூட்டைத் திறந்து, நான் சாப்பிட்டதும் மறுபடி பூட்டுவார்.

"நம்ம கல்யாணம் வந்துடுச்சா?" என்று கேட்பாள்.

"இன்னும் முழங்காலே தாண்டல."

கடைசி நாள் திங்கட்கிழமை. மூன்று மணிக்குப் பூச்சி என் கழுத்துக்கு வந்திருந்தது. மிச்சம் இருந்தது இந்த நூலக வருடங்கள்தான், அவை எல்லாம் ஒரே மாதிரி, சீக்கிரம் முடிந்துவிடும். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. பூங்கோதை அன்று தாமதமாகத்தான் வந்தாள்.

"கல்யாணம்?"

"நேத்தே தாண்டிடுச்சு."

"என்ன இருந்துச்சு?"

"பந்தியில ரசம் பத்தாம உங்க மாமா சத்தம் போட்டது. அரைப் பக்கம்."

"நான்?"

எனக்கு ஞாபகம் இல்லை. கேரியரைக் கீழே வைத்தாள். பிறகு தலைமை ஆசிரியரிடம் மேல்தட்டையும் காலி செய்யச் சொன்னாள். அவரும் நஸ்ரினும் புத்தகங்களை எடுத்துத் தரையில் அடுக்கினார்கள். புடவையைச் செருகிக்கொண்டு ஏறிப் படுத்தாள்.

"மோட்டாரைப் போட்டுட்டு வந்துட்டேன். ஓடட்டும்" என்றாள். "நான் பிறந்தது ஒரு செவ்வாய்க்கிழமைங்க. அம்மாவுக்கு அன்னிக்குப் பையன் வேணும்னு இருந்துச்சு."

என் கழுத்தில் குறுகுறுப்பு நின்றது. பூச்சி தலையைத் தூக்கியது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, பீரோவின் பக்கத் தகட்டில் ஏறி மேல்தட்டுக்குப் போய்விட்டது. சம்பந்தமூர்த்தி பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

நாலு மணிக்கு லாரி பின்பக்கமாக வந்து வராந்தாவில் இடித்து நின்றது. நஸ்ரின் வயரோடு வந்து கண்ணாடி வழியே பார்த்தாள், பூங்கோதை பேசிக்கொண்டிருந்ததால் தட்டாமல் நின்றாள். சுமைக்காரர்கள் பீரோவைச் சாய்த்துத் தூக்கினார்கள். பூங்கோதை அப்போதுதான் இரண்டாம் வகுப்புக்கு வந்திருந்தாள். வீட்டில் தொட்டி நிரம்பி வழிந்து, தெரு வரைக்கும் தண்ணீர் போயிருக்கும். அதைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.