கிழவரின் வலது மூலை

ஒலிபெருக்கியில் கிழவரின் மூளை கடுகு மாதிரி படபடவென்று பொரிந்தது.

கிழவர் ஓர் எலி. மறதி நோய் தரும் மனித மரபணுவைக் கருவிலேயே ஏற்றிக்கொண்டு பிறந்து, ஆய்வகத்திலேயே நரைத்தவர். தலையில் மெல்லிய கம்பிகளைச் சுமந்தபடி பெட்டிக்குள் நடப்பதுதான் உத்தியோகம். மூளையின் துடிப்பு அந்தக் கம்பி வழியே ஒலிபெருக்கிக்கு வரும். இடங்களை நினைவில் வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் ஒவ்வொரு நரம்பணுவுக்கும் ஓர் இடம் சொந்தம். எலி அங்கே வந்தால்தான் அந்த அணு துடிக்கும். இந்த வியாதியோடு இந்த வயதில் அது கண்ட இடத்திலும் உளற வேண்டும். கிழவரின் அணுவோ வலது மூலையில் மட்டும் வெடித்தது. கூடவே மூளை அலையும் தாளம் தப்பாமல் ஓடியது.

ஆய்வு மாணவிக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் கொடுத்த மருந்து வேலை செய்கிறது என்றல்லவா அர்த்தம்! மற்ற எலிகள் கைவிரித்துவிட்டதால், அவளுடைய பட்டமே இந்தக் கிழவரை நம்பித்தான் இருந்தது. எலிப் படிப்பு எப்போது முடியும் என்று அம்மா வேறு தொலைபேசியில் நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

பேராசிரியர் லேசில் எதையும் நம்புகிற ஆள் இல்லை. சொந்தக் கல்யாணத்துக்கே ஆதாரம் கேட்டிருப்பார் என்று ஆய்வகத்தில் பேச்சு. சற்று நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றவர், வலது மூலையருகே நின்ற அவளை இடது பக்கம் போகச் சொன்னார். போனாள். கிழவரும் தள்ளாடிக்கொண்டு பின்னாலேயே போனார். அதே அணு இப்போது இடது மூலையில் பொரிந்தது. அவள் அறைக்கு வெளியே போனதும் ஒலிபெருக்கி அடங்கிவிட்டது.

அவர் கதவைத் திறந்தார். "பாக்கெட்ல என்னம்மா வச்சிருக்க?"

சூரியகாந்தி விதைகள். சோதனை எலிகளுக்கு அளந்துதான் தீனி, பசித்தால்தான் நடக்கும்.

"ரொம்ப இளைச்சுட்டார் சார். மனசு கேக்கல."

அணு துடித்தது மூலைக்காக அல்ல; மருந்து வெறும் தண்ணீர் என்று ஆகிவிட்டது. அவளுக்கு அழுகை முட்டியது. அதற்கு நடுவே வெட்கங்கெட்ட சந்தோஷம் ஒன்றும் எட்டிப் பார்த்தது. மூலை முடுக்கெல்லாம் மறந்த கிழவர் அவளை மறக்கவில்லையே.

பேராசிரியர் திட்டவில்லை. "முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்று மட்டும் சொன்னார். பிறகு, அணு துடித்தது விதைக்கா அவளுக்கா என்று பார்க்க விதைகளை வாங்கிக்கொண்டு, அவளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார். கிழவரைக் குட்டியிலிருந்து வளர்த்தவர் அவர்தான்.

அவள் கண்ணாடி வழியே பார்த்தாள். பேராசிரியர் வலது மூலையில் குனிந்து விதையை நீட்டினார். கிழவர் வந்து வாங்கித் தின்றார். ஒலிபெருக்கி வாயைத் திறக்கவில்லை. கிழவர் மீசையைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டி, கதவைப் பார்த்து உட்கார்ந்தார்.

பேராசிரியர் இன்னொரு விதையை எடுத்தார்.