நட்டத்தில் பங்கு

தவசி முதலாளி "மாப்ளே" என்று கூப்பிட்டதுமே சந்திரவல்லி காதைத் தீட்டிக்கொண்டாள்.

அவளுடைய அப்பா சோணை ஏழு வருஷமாக அவரிடம் ஜீப்பு ஓட்டுகிறார். விடிய ஆட்களை அடைத்துக்கொண்டு போடிமெட்டு ஏறுவார்; பொழுது சாய ஏலக்காய் மூட்டையோடு இறங்குவார். அத்தனை வருஷமும் "ஏலே சோணை"தான். இன்றைக்கு மாப்ளேயாம். அதுவும் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மேலே அரக்குக் கலரில் ஒரு சேலை.

"தங்கச்சிக்குத்தான்" என்றார் தவசி.

தங்கச்சி என்றது அம்மா கருத்தம்மாவை. அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றாள். அந்தப் பக்கத்தில் வெற்றிலையைத் தொட்டுவிட்டால் பேச்சு முடிந்தது, பத்திரமெல்லாம் அப்புறம்தான்.

"பெரிய கடைவீதியில பைனான்ஸு தொறக்கப் போறேன். டெபாசிட்டு போடுறவனுக்கு நூத்துக்கு மாசம் மூணு வட்டி. தங்கச்சியப் பங்குதாரராச் சேர்த்துக்கலாம்னு இருக்கேன். ஒத்தப் பைசா போட வேணாம். லாபத்துல காப்பங்கு."

சோணைக்கு வாயெல்லாம் பல். ஆனால் சந்திரவல்லி அந்த 'போட வேணாம்' என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொண்டாள். மதுரையில் மூன்று வருஷம் பி.காம். படித்தவள், அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அந்தப் படிப்பும் வேண்டாம்; சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவளுக்குக்கூடத் தெரியும், சும்மா கொடுக்கிறவன் எதையோ எடுக்க வந்திருக்கிறான்.

"எங்க அம்மா எதுக்கு மாமா? அத்தையச் சேர்க்கலாமே?"

"அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே ஆத்தா."

"எங்க அம்மாவும் கைநாட்டுத்தான்."

தவசி சிரித்தார். "படிச்ச புள்ளைல்ல, கேக்கத்தான் செய்யும். இது வரிக்காக மருமகளே. லாபம் பூரா என் ஒருத்தன் பேர்ல நின்னா வருமான வரிக்காரன் உருவிருவான். நாலு பேருக்குப் பிரிச்சுக் காட்டினா வரி கொறையும். சட்டமே அப்படித்தான்."

"சட்டந்தான். நட்டத்தை எப்படிப் பிரிப்பீங்க?"

"நல்ல காரியம் பேசையில என்னடி நட்டம்?" சோணை குறுக்கே விழுந்தார். "வாரத்துக்குத் தோட்டம் எடுக்கிற மாதிரிதானே? வெளைஞ்சா ஆளுக்குப் பாதி. வெளையலையா, கைய உதறிட்டு மலைய விட்டு எறங்கிற வேண்டியது."

அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மலையில் வாரத்துக்குப் பாடுபட்ட ஆள் எல்லாருமே இப்படித்தான் நினைப்பார்கள். அது தெரிந்துதானே வந்திருக்கிறார் இந்த மனுஷன்.

"இது வாரம் இல்லப்பா. லாபத்துலதான் காப்பங்கு. கடன்ல பங்கு கெடையாது, முழுசும் நம்ம தலையில. கம்பெனி நொடிச்சா, டெபாசிட்டு போட்டவன் எந்தப் பங்குதாரர் கழுத்துல வேணும்னாலும் துண்டைப் போடலாம். எவன் பேர்ல சொத்து இருக்கோ அவனைத்தான் பிடிப்பான். அம்மா பேர்ல என்ன இருக்கு?"

ராசிங்காபுரத்தில் கிணற்றோடு ரெண்டு ஏக்கர் இருக்கிறது, கருத்தம்மாவுக்கு அவள் அப்பன் எழுதிக் கொடுத்தது. அந்தக் குடும்பத்துக்கு மண் என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான். சந்திரவல்லியைப் படிக்க வைத்ததும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான்.

"எந்தக் கம்பெனி நொடிக்குது?" தவசியின் சிரிப்பு கொஞ்சம் கோணியது.

"மழையில்லாம மலை பூரா ஏலச்செடி கருகிக் கெடக்கு. நீங்க மூணு வட்டி குடுக்கணும்னா, அதுக்கு மேல குடுத்து எவன் மாமா உங்ககிட்டக் கடன் வாங்குவான்? வாங்கினாத்தான் திருப்புவானா? போகட்டும். நீங்க குடியிருக்கிற வீடு யார் பேர்ல இருக்கு?"

"அது... மச்சினன் பேருக்கு மாத்தியாச்சு."

"ஏலக்காய்க் கடை?"

"அதுவும் வரிக்காகத்தான்."

"வீடும் இல்ல, கடையும் இல்ல. அப்ப அந்தப் பத்திரத்துல சொத்துள்ள ஆளு எங்க அம்மா மட்டுந்தான்."

"வாயை மூடுடி!" சோணை எழுந்துவிட்டார். "வீடு தேடி வந்த மனுஷனக் களவாணி மாதிரிக் கேள்வி கேக்குற. நாலு எழுத்துப் படிச்சிட்டா ஊர்ல எல்லாவனும் திருடனா? இந்தா கருத்தம்மா, நீ வெத்தலைய வாங்கு."

கருத்தம்மா நகரவில்லை. புருஷனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். மகளுடைய நாக்கு அவளுக்கும் பிடிக்காதுதான். அப்புறம் தவசியிடம் மெதுவாகக் கேட்டாள்:

"அண்ணே, எங்க ராசிங்காபுரத்து நெலத்தை இதுல தொட மாட்டோம்னு எழுதிக் குடுக்க முடியுமா?"

"அப்படியெல்லாம் எழுத முடியாது தங்கச்சி. வழக்கமில்ல."

"அப்ப சேலை உங்க வீட்லயே இருக்கட்டும்ணே. அரக்கு எனக்குச் சேராது."

தவசி தாம்பாளத்தைத் தானே எடுத்துக்கொண்டார். வாசல் தாண்டியதும் திரும்பினார். இப்போது குரலில் மாப்ளே இல்லை.

"ஏலே சோணை, ஜீப்புச் சாவியக் கொண்டா."

சோணை கொடுத்தார். கொடுத்த பிறகும் கை சாவி இருந்த இடுப்பைத் தடவியதைச் சந்திரவல்லி பார்த்தாள். பார்க்காத மாதிரி இருக்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து அவர் வேறு எவனோ ஓட்டுகிற ஜீப்பில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கூலிக்கு மலையேறினார். மகளிடம் பேச்சில்லை. அடுத்த மாசம் பைனான்ஸ் திறந்தது. வாழைமரம், ரேடியோ செட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கேசரி. டெபாசிட் போட வரிசை வீதி முனை வரைக்கும் நின்றது. அம்மாவுக்கு வைத்திருந்த இடத்தில், சொத்துள்ள வேறொரு குடும்பத்துப் பொம்பளை பெருவிரலை வைத்திருக்கிறாள் என்று பேச்சு. சந்திரவல்லி அந்த வீட்டுக்குப் போய் எச்சரித்தபோது, "நீங்க தவற விட்டது எங்களுக்குக் கெடைச்சா வயிறு எரியுதோ?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

ரெண்டு மாசமாக வட்டி தேதி தவறாமல் வருகிறதாம். தெருவில் எல்லாரும் அவளைத்தான் ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கஞ்சி குடித்துக்கொண்டிருந்த சோணை தலை நிமிராமல் கேட்டார்:

"அந்தாளு ஏமாத்துறான்னு உனக்கு உறுதியாத் தெரியுமாடி?"

"தெரியாது" என்றாள். "அம்மா பெருவிரல வச்சிருந்தா, நெலம் போறன்னைக்கு உறுதியாத் தெரிஞ்சிருக்கும்."

அவர் கும்பாவைக் கீழே வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கிணற்று மோட்டாருக்கு டீசல் வாங்க வேண்டும் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ராசிங்காபுரம் பஸ்சுக்குக் கிளம்பினார்.