பாஸ்கா பட்டியலில் ஒரு காலியிடம்

ஜோவிதாவின் நோட்டில் மூன்று கட்டங்கள்: சொன்னது, சொன்னவர், ஆதாரம். இயேசுவின் பாடுகளை நடித்துக்காட்டும் அரியாங்குப்பம் பாஸ்கா நாடகத்தின் பொன்விழா மலருக்காக ஐம்பது வருட நடிகர் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஆதாரமில்லாத வரியை அடித்துவிட வேண்டும் என்பது மாலை வகுப்பில் இதழியல் நடத்தும் விஜயராகவன் சாரின் கண்டிப்பு.

ஒரே ஒரு வரி நகர மறுத்தது. ‘1968, யூதாஸ்: சூசை.’ சொன்னவர் அவர் மனைவி அகஸ்டினா; யூதாஸ் பெயரைச் சொல்ல முன்வந்தது அவள் ஒருத்திதான். யூதாஸாக நடிப்பவரின் பெயரை அந்த நாடகச் சபையில் எங்கும் எழுதுவதில்லை. எழுதினால் அந்த வருடம் தாண்டமாட்டார் என்று பயம். நோட்டீசுகளில் அந்த இடம் மட்டும் எப்போதும் காலி.

“அவரு பேர அச்சுல நான் பாத்ததே இல்லம்மா. இப்ப போட்டா அவருக்கு இன்னா ஆயிடப் போவுது?” என்றாள் அகஸ்டினா.

சூசை இறந்த தேதியைக் குறித்துக்கொள்ள ஜோவிதா நகராட்சிக்குப் போனாள். பதிவேட்டில் இருந்தது: 1968 ஏப்ரல் 10, மாலை நான்கு மணிக்கு ஆற்றிலிருந்து கரையேற்றிய உடல், அடையாளம் தெரிந்தது மறுநாள். அந்த வருட நாடக நோட்டீசை எடுத்துப் பார்த்தாள். நாடகம் அதே ஏப்ரல் 10, இரவு ஏழு மணி. தான்தான் தப்பாகப் படிக்கிறோமோ என்று மூன்று முறை பார்த்தாள்.

இதைச் சொன்னபோது அகஸ்டினா அசரவில்லை. அன்றிரவு முன்வரிசையில் உட்கார்ந்து மேடையில் அவரைப் பார்த்ததாகவும், வீட்டுக்கு வருவாரென்று காத்திருக்க, விடிந்ததும் சேதி வந்ததாகவும் சொன்னாள். மனைவியின் வாக்கு மட்டும் போதுமா?

அந்த வருடம் இயேசுவாக நடித்த தேவதாஸ் தட்டாஞ்சாவடியில் மகன் வீட்டில் இருந்தார். மின்விசிறி ஓடியும் இடது கன்னத்தைத் துண்டால் துடைத்தபடியே, ஒன்றும் ஞாபகமில்லை என்றார். கேள்வி சரியில்லையோ என்று தயங்கிய ஜோவிதா, முத்தமிட்டுக் காட்டிக்கொடுக்கும் காட்சியைப் பற்றி மட்டும் கேட்டாள்.

துண்டு நின்றது.

“சூசைதான். எனக்கு அவன தெரியாதா? தண்ணி சொட்டச் சொட்ட வந்தான். ஏன்டா நனைஞ்சிருக்கன்னு காதோரமா கேட்டேன். வசனத்த மட்டும் சொன்னான்.” துண்டை மடியில் வைத்தார். “முத்தம் குடுத்த எடம் இன்னும் காயலம்மா.”

அவர் குனிந்தபோது கன்னத்திலிருந்து ஒரு துளி நோட்டில் விழுந்தது. ஆற்றுச் சேற்றின் வாசம் வந்தது.

துளி விழுந்திருந்தது ஆதாரம் என்ற கட்டத்தில். ஜோவிதா அதை ஒற்றி எடுக்கவில்லை. மலருக்கான பட்டியலை எடுத்து, அந்தக் காலியிடத்தில் சூசை என்று எழுதினாள்.