இந்தச் சுவர் யார் பொறுப்பு

ஒழுகுகிற குழாய்கூட அவர் வருகிறார் என்றால் நின்றுவிடும் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட பிளம்பர் குடியிருக்கும் வாடகை வீட்டில், படுக்கையறைச் சுவர் இடுப்பு உயரத்துக்கு ஊறிக் கிடந்தது. கேட்பவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். அவர் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறைத் தொட்டி, இந்தப் பக்கம் மகள் குட்டியின் கட்டில். முதலில் உள்ளங்கை அகல ஈரம்தான். அப்புறம் பூச்சு பொரிந்து உதிர்ந்தது, கறுப்புப் பூசணம் பிடித்தது. கட்டிலை வேறு எங்கே போடுவது? இருப்பதே அந்த ஓர் அறையும், கட்டில் போட இடமில்லாத ஒரு துண்டுக் கூடமும். குட்டிக்கு இருமல் பிடித்து, விட்டபாடில்லை. அம்மாக்காரிக்கு வேலையோ மருந்துக்கடையில். பகலெல்லாம் ஊராருக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சொந்த மகளின் இருமலைக் கேட்டுக்கொண்டு கிடப்பாள். டாக்டரும் கையை விரித்துவிட்டார்.

"இனி மருந்தை மாத்திப் பிரயோஜனமில்லம்மா. ரூமை மாத்துங்க. இப்படியே விட்டா நெஞ்சு கெட்டுப்போகும்."

மாடியில் இருந்தார் வீட்டு ஓனர், ரயில்வேயில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் சொன்னது எல்லாம் கிணற்றில் போட்ட கல். கீழே இறங்கி வந்து சுவரை ஒரு தடவை எட்டிப் பார்த்தாரா என்றால் அதுவும் இல்லை.

"வீட்டுக்குள்ளயே பிளம்பரை வெச்சுக்கிட்டு நான் வெளியாளைத் தேடணுமாம்மா? நல்லா இருக்கே" என்பார்.

சரி என்று கணவரிடம் வந்தால், அவர் அதற்கு மேல்.

"சுவத்துக்குள்ள போற பைப் ஓனர் பொறுப்பு. குடியிருக்கிறவன் கை வைக்கக் கூடாது. அது என் கொள்கை."

கொள்கையாம் கொள்கை! கொள்கைக்கா இருமல் வருகிறது? இரண்டு ஆம்பிளைகளும் நீயா நானா என்று முரண்டு பிடித்துக்கொண்டிருக்க, நடுவில் பிள்ளை இளைத்துப்போய்க்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மாதக் கணக்கில் பொறுத்துப் பார்த்தாள். டாக்டர் அப்படிச் சொன்ன மறுநாள் காலை, கடைக்கு லீவு சொன்னாள். குட்டியைக் கூடத்தில் உட்காரவைத்தாள். கணவரின் சாமான் பையிலிருந்து சுத்தியலையும் உளியையும் எடுத்தாள். யார் தடுத்தாலும் இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

முதல் அடிக்கே பூச்சு பொலபொலவென்று கொட்டியது. செங்கல் ஊறிப்போய், தட்டத் தட்டப் பெயர்ந்து வந்தது. பல் விளக்கிக்கொண்டிருந்த கணவர் சத்தம் கேட்டு வாய் நுரையோடு ஓடி வந்தார்.

"என்ன பண்றே நீ? குடு அதை."

"தள்ளுங்க."

அவர் தள்ளி நின்றார்.

குழாய் தெரிந்தது. அது வளையும் இடத்தில் ஒரு மயிரிழைப் பிளவு, அதிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. பிளவைச் சுற்றிலும் சிவப்புப் பெயிண்ட். அவள் கை நின்றுவிட்டது. அந்த வட்டாரத்தில் எல்லாரும் ஜாயின்ட்டுக்கு வெறும் டேப் சுற்றுகிறவர்கள். மேலே சிவப்புப் பெயிண்ட் அடிக்கிற பிளம்பர் ஒருவர்தான். அவர் அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

குடிவந்த புதிதில் சமையலறைக் குழாய் அவளுக்கு எட்டாது. எக்கி எக்கித் திருப்புவாள். பார்த்துக்கொண்டே இருந்த மனுஷன், ஓனர் வெளியூர் போயிருந்த ஒரு நாளில், கேட்டால் விடமாட்டார் என்று கேட்காமலே சுவரை வெட்டிக் குழாயை இறக்கிக் கொடுத்தார். அவள் அன்றைக்கு எவ்வளவு பூரித்துப் போனாள்! அவர் போட்ட ஜாயின்ட் ஒழுகும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

"கெட்டியா நிக்கட்டும்னு ஒரு சுத்து கூட முறுக்கினேன்" என்றார் மெல்ல. "பிளாஸ்டிக் தாங்கல போல."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவர் மென்று விழுங்கினார். "ஈரம் ஏறின இடத்தைப் பாத்ததுமே சந்தேகம்தான். என் கைவேலையே ஒழுகுதுன்னு வெளிய தெரிஞ்சா எவன் கூப்பிடுவான்? இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. பெயிண்டைச் சுரண்டிடறேன். பழைய பைப் விட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம்."

கோபத்தில் சுத்தியல் பிடியை இறுக்கினாள். அடுத்த நிமிஷமே, எக்கி நின்ற தன்னைப் பார்த்து இரங்கிய அந்த முகமும் நினைவுக்கு வந்து தொலைத்தது. இதற்குள் மாடிப்படியில் செருப்புச் சத்தம். சுவர் இடிக்கிற சத்தம் என்றதும் ஓனருக்குக் கால் முளைத்துவிட்டது.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள்.

ஓனர் வாசலில் நின்று, "யாரைக் கேட்டு இடிச்சீங்க?" என்றார்.

"சார்" என்றார் பிளம்பர். தலை தரையைப் பார்த்தது. "உங்களைக் கேக்காம குழாயை மாத்திப் போட்டேன். ஒழுகுறது என் ஜாயின்ட்தான். நானே சரிபண்ணி, சுவரும் பூசித் தரேன்."

ஓனர் முகத்தில் வெளிச்சம் அடித்தது. "அப்படிச் சொல்லுங்க. பண்ணினவங்கதானே பொறுப்பு. இனிமே என்கிட்ட எதுவும் வரக் கூடாது."

"வரும் சார்" என்றாள் அவள். சுத்தியல் இன்னும் கையில்தான் இருந்தது. "சுவர் காயற வரைக்கும் குட்டி உங்க மாடி ரூம்ல படுப்பா. சும்மாதானே பூட்டிக் கிடக்கு."

"தப்பு உங்களுது. நான் எதுக்கும்மா ரூம் குடுக்கணும்?"

"மாசக் கணக்கா படியேறி வந்து சொன்னேன். ஒரே ஒரு நாள் நீங்க கீழ வந்து சுவத்தை நோண்டிப் பாத்திருந்தா, அன்னைக்கே இவரு மாட்டியிருப்பாரு. என் பொண்ணு இத்தனை நாள் இருமியிருக்க மாட்டா."

ஓனர் வாயைத் திறந்தார். கூடத்தில் குட்டி இருமினாள், குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அவர் திரும்பிப் பார்த்தார். அந்த இருமலை அவர் அவ்வளவு கிட்டத்தில் கேட்டது அதுதான் முதல் தடவை.

பதிலுக்காக அவள் காத்திருக்கவில்லை. குட்டியின் மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினாள். ஓனர் சட்டைப் பையில் சாவியைத் தடவிக்கொண்டே பின்னால் ஏறினார்.