ஷக்கர்பாரா

மாமனாரின் உடலைக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் பிரமிளா எறும்புகளைப் பார்த்தாள். கட்டில் காலில் ஏறி, மெத்தை ஓரமாகவே நடந்து, தலையணைக்கு அடியில் போய்க்கொண்டிருந்தன. தலையணையைத் தூக்கினாள். ஷக்கர்பாரா என்கிற இனிப்பின் துணுக்குகள். கூடவே உடையாத துண்டு ஒன்று.

வேறு வீடாக இருந்தால் ஈரத்துணியால் ஒரே இழுப்பில் முடிகிற காரியம். சமண வீட்டில் எறும்பு சாகக் கூடாது. அதுவும் கூடத்தில், கோயிலில் பூசை செய்கிற உபாத்தியாயர் உட்கார்ந்திருக்கும்போது. முழுத் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு, துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். விரலில் ஏறிய எறும்புகளை ஊதி இறக்கினாள். யாராவது உள்ளே வந்துவிடப் போகிறார்களே என்று கதவைப் பார்த்துக்கொண்டே பொறுக்கி முடித்தாள்.

மாமனார் ஜெயசந்திரன் பன்னிரண்டு நாளாகச் சோறு தொடவில்லை. வயது எழுபத்தாறு. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். கஞ்சியைக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொள்வார். தண்ணீர் மட்டும் இறங்கியது. ஆறாம் நாள் பார்க்க வந்த உபாத்தியாயர், விரதம் எடுத்துக்கொண்டீர்களா என்று காதருகே குனிந்து கேட்டார். மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். தூக்கம் வந்திருக்கலாம். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் ஆரணியில் இருக்கிற சமண வீடுகளுக்கெல்லாம் சேதி போய்விட்டது, பட்டாளத்துக்காரர் ஜெயசந்திரன் சல்லேகனை ஏற்றுவிட்டார் என்று. உணவை விட்டு உயிரை விடுவது எல்லோருக்கும் வாய்க்கிற விரதமா என்ன? மறுநாளிலிருந்து ஆட்கள் வந்து கட்டிலைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அதில் தலை நிமிர்ந்தவள் மாமியார் ஜினமதி. ஐம்பது வருஷமாகக் குனிந்திருந்த தலை அது. கல்யாணமான புதிதில், உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் ஜெயசந்திரன் ஆம்பிளைகளோடு உட்கார்ந்து எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு நடந்த சண்டைக் கதையைச் சொல்லியிருக்கிறார். எல்லையில் முன்னால் இருக்கிற காவலில் என்னென்ன சாப்பாடு கொடுப்பார்கள் என்று ரசித்து ரசித்துச் சொன்னதில், டின்னில் ஆட்டுக்கறி வரும் என்பதும் இருந்தது. கதவுக்குப் பின்னால் நின்ற புதுப்பெண்ணுக்கு அது போதும். மறுநாள் காலையில் அவர் தட்டு தனியாகிவிட்டது. பட்டாளத்திலிருந்து அவரே கொண்டுவந்த, விளிம்பு நசுங்கிய தட்டு. அதை அவரேதான் கழுவி, அடுப்படி ஜன்னல் பலகையில் கவிழ்த்து வைக்க வேண்டும். பட்டாளத்துச் சாப்பாட்டுப் பேச்சை வீட்டுக்குள் எடுக்கக் கூடாது. அவரும் எடுக்கவில்லை. அந்தப் பேச்செல்லாம் கூட்டாளி பழனியோடு டீக்கடையில்தான்.

பழனி இதே ஊர் நெசவுக் குடும்பம். இரண்டு பேரும் ஒரே காவலில் இருந்தவர்கள். பட்டாளத்திலிருந்து வந்த பிறகு பழனி களம்பூர் அரிசி ஆலையில் காவலுக்கு நின்றார். மூன்று நாள் முன்பு வந்தவர், ஒரு பொட்டலத்தைப் பிரமிளா கையில் திணித்தார். மைதாவும் சர்க்கரையும் பிசைந்து, சதுரமாக வெட்டி, எண்ணெயில் பொரித்த ஷக்கர்பாரா. பட்டாளத்தில் கொடுப்பது போலவே இருக்கட்டும் என்று வேண்டுமென்றே கெட்டியாகச் சுட்டிருந்தார். படுத்திருக்கிறவருக்கு இதையா கொடுப்பார்கள் என்று பிரமிளா மனசுக்குள் திட்டிக்கொண்டே வாங்கி வைத்தாள்.

நேற்று விளக்கு வைத்த பிறகு, மாமியார் கோயிலுக்குப் போயிருந்த நேரம், மாமனார் கண்ணைத் திறந்து, பழனி கொடுத்ததைக் கொண்டுவரச் சொன்னார். அவர் ஒரு பொருளைக் கேட்டதே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. டீயில் ஊறவைத்துக் கொடுத்தாள். வாயருகே வந்ததும் நிறுத்தினார்.

"இருட்டிடுச்சாம்மா?"

"இருட்டிடுச்சு மாமா."

சூரியன் விழுந்த பிறகு சாப்பிடக் கூடாது என்பது சமண நியமம்; அந்த வீட்டில் யார் வாயும் அசையாது. அவர் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்தார்.

"சரி, குடு."

இரண்டு துண்டு சாப்பிட்டார். மூன்றாவதைக் கையில் வாங்கி, ஊறவைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார். விடியற்காலையில் போய்விட்டார்.

கூடத்தில் பிரமிளாவின் புருஷன் ஜினகுமார் பிளெக்ஸ் கடைக்காரனோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். சல்லேகனை என்கிற எழுத்து பேரைவிடப் பெரிதாக இருக்க வேண்டுமாம். ஜினமதி தலைமாட்டில் அழாமல், முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தாள். வாசற்படி ஓரத்தில் பழனி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். உபாத்தியாயர் பிரமிளாவைப் பார்த்தார்.

"நீதாம்மா கூடவே இருந்த. கடைசி வரைக்கும் தண்ணியத் தவிர எதுவும் போகலதானே?"

சும்மா தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். வாசலில் பிளெக்ஸ் நின்றிருக்கும், ஜினமதி மிச்ச நாளை நிமிர்ந்தே கழித்திருப்பாள். பிரமிளாவும் ஆட்டத்தான் நினைத்தாள். ஆனால் குத்துவிளக்குப் பக்கத்தில் படுத்திருந்த மனிதரின் உதட்டோரத்தில் டீக்கறை அப்படியே இருந்தது. அதைத் துடைத்துப் பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"சாப்ட்டாருங்க. நேத்து. பழனி மாமா குடுத்த ஷக்கர்பாரா ரெண்டு."

ஜினகுமார் போனைக் காதிலிருந்து எடுத்தான். ஜினமதிதான் கேட்டாள்.

"இருட்டின பிறகா?"

"ஆமா அத்தை."

ஜினமதியின் முதுகு மெல்ல வளைந்தது. "பட்டாளத்துல பழகின வாய், எங்க போவும்" என்றாள். கோபம்கூட இல்லை. ஐம்பது வருஷமாகத் தெரிந்ததைத் திரும்பச் சொல்கிற குரல்.

பழனி துண்டை வாயிலிருந்து எடுத்தார்.

"அப்டி சொல்லாதீங்கம்மா. அங்க பகல்ல அடுப்பு மூட்ட முடியாது. புகையப் பார்த்தா எதிராளி குண்டு போடுவான். சுடுசோறு இருட்டின பிறகுதான் வரும். பதினாலு நாளு. இவரு ஒரு நாளும் தொடல. வெளிச்சம் இருக்கறப்ப இந்த ஷக்கர்பாராவத் துன்னுகினு, சோத்த என் பக்கம் தள்ளிடுவாரு. கறி டின்னும் எனக்குத்தான். அந்தக் குளிர்ல இந்த ஷக்கர்பாராவக் கடிச்சே இவருக்கு ஈறெல்லாம் ரத்தம்."

ஜினமதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

பழனி சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினார். "கறி துன்னீங்களான்னு நீங்களா ஒரு வாட்டி கேக்கட்டும்னு இருந்தாரும்மா. அவ்ளோதான்."

ஜினகுமாரின் போனில் கடைக்காரன் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்தான். ஜினமதி மகன் பக்கம் திரும்பவில்லை. "பேரும் தேதியும் போதும்னு சொல்லு" என்றாள். உபாத்தியாயர் மந்திரத்தை ஆரம்பித்தார்.

இரண்டு மணிக்கு எடுத்தார்கள். ஆம்பிளைகள் சுடுகாட்டிலிருந்து வந்து குளித்து முடிக்க ஐந்தாகிவிட்டது. எதிர்வீட்டிலிருந்து சாதமும் பருப்பும் வந்திருந்தன. பொழுது சாய்வதற்குள் எல்லோரும் சாப்பிட்டாக வேண்டும் என்று பிரமிளா அவசரமாக இலை போட்டாள். பழனியையும் உட்காரவைத்தாள். மாமியாருக்கு எப்போதும் தட்டுதான். அதை எடுக்க அடுப்படிக்குப் போனபோது ஜினமதி அங்கே நின்றிருந்தாள். ஜன்னல் பலகையில் கவிழ்ந்திருந்த நசுங்கிய தட்டை எடுத்து, தண்ணீர் விட்டு அலசினாள். அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எறும்புகள் இன்னும் கட்டில் காலைச் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

பிரமிளா சாதம் போட்டாள்.

"அது மிச்சம் இருக்குதா?"

எது என்று பிரமிளா கேட்கவில்லை. காலையிலிருந்து குளிக்கும்போதுகூட மாற்றி மாற்றி முடிந்து வைத்திருந்த ஷக்கர்பாராத் துண்டை இடுப்பிலிருந்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

ஜினமதி சாதத்தை விட்டுவிட்டு அதைக் கடித்துப் பார்த்தாள். உடையவில்லை. மறுபக்கப் பல்லுக்கு மாற்றிக் கடித்தாள். பிறகு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது.