சுண்ணாம்புச் சுவரில் ஒரு படம்

என் கடையில் கல்லாவுக்குப் பின்னால் இருக்கிற டைல்ஸ் சுவரில் ஒரு கிலோ எடைக்கல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆணி கிடையாது, கம்பி கிடையாது. நாலு விரல் நீளத்துக்கு டபுள் சைடு டேப், அவ்வளவுதான். மூன்று வருடமாக அசையவில்லை. கள்ளக்குறிச்சியில் டேப் விற்கிற கடை இருபதாவது இருக்கும். எடைக்கல்லைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். வருகிறவர் 'நிக்குமா?' என்று வாயைத் திறப்பதற்குள் கட்டைவிரலால் பின்பக்கம் காட்டுவேன். அதற்கு மேல் பேச்சு இருக்காது.

எங்கள் குடும்பம் மணலூர்பேட்டை சந்தையில் கயிறு, பூட்டு, கொக்கி விற்ற குடும்பம். எங்கள் வழக்கம் ஒன்று உண்டு: வாங்குகிறவனை 'எதுக்கு' என்று கேட்பதில்லை. கேட்டால் யோசிப்பான், யோசித்தால் போய்விடுவான். கயிறு விற்கிற வீட்டுக்கு இது நல்ல வழக்கமா என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

இந்த வழக்கத்தையும் அந்த எடைக்கல்லையும் வைத்துக்கொண்டு நான் நன்றாகவே பிழைத்தேன். செட்டாப் பாக்ஸ் ஒட்டுவதற்கு, குளிக்கிற ரூம் கண்ணாடிக்கு, கார் பிள்ளையாருக்கு, நிலைப்படிச் சிலுவைக்கு என்று ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். வாடகை வீட்டுக்காரர்கள்தான் ஜாஸ்தி. 'ஆணி அடிக்கக் கூடாது' என்று சொல்லாத வீட்டுச் சொந்தக்காரர் இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

சாலம்மாள் ஒரு சனிக்கிழமை மகளோடு வந்தாள். வெள்ளிமலைக்கும் மேலே ஏதோ ஊர். பெண்ணின் படிப்புக்காகக் கீழே இறங்கி வந்து, ரைஸ் மில்லில் நெல் காயப்போடுகிற வேலை பார்க்கிறவள். மகள் தமிழ்ப்ரியா பதினொன்றாவது. பேச்செல்லாம் அவள்தான்.

"ஒரு படம் மாட்டணும். வூட்டுக்காரரு ஆணி அடிக்கக் கூடாதுன்றாரு. இது நிக்குமா?"

கட்டைவிரலைக் காட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். "யானையக் கட்டித் தொங்கவுட்டாலும் நிக்கும்மா. கயிறு அறுந்து யானைதான் வுழணும்" என்றேன்.

தமிழ்ப்ரியா சிரித்துவிட்டாள். தாய் சிரிக்கவில்லை. அவள் நெற்றி வெறுமையாக இருந்தது. காதிலும் ஒன்றுமில்லை. நான் பார்க்காமல் இல்லை. வருகிறவரின் நெற்றியையும் காதையும் பார்த்துத்தானே எங்களுக்கு விலையே வாயில் வரும். ஆனால் யார் படம் என்று கேட்கவில்லை. எந்தச் சுவர் என்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் தாய் மட்டும் வந்தாள். பழைய புடவையில் சுற்றிய ஒன்றைக் கல்லா மேல் வைத்துப் பிரித்தாள். கண்ணாடி போட்ட பெரிய படம். கண்ணாடி மேலிருந்து கீழ்வரை கீறிப் போயிருந்தது.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இதற்கென்று என்னிடம் மூன்று பதில்கள் எப்போதும் தயாராக இருக்கும். சுவரைத் துடைத்தீர்களா, அழுத்திப் பிடித்தீர்களா, ஒரு நாள் காயவிட்டீர்களா. மூன்றில் ஒன்றை யாரும் செய்திருக்க மாட்டார்கள். தப்பு அவர்கள் பக்கம் போய்விடும்.

அவள் எனக்கு அந்த வேலை வைக்கவில்லை.

"சண்டை போட வர்லண்ணா. காசும் வேணாம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லுங்க. இதுவே இன்னொருக்கா ஒட்டினா நாளைக்கு முழுக்க நிக்குமா?"

"நாளைக்கு இன்னாம்மா?"

"காரியம். பதினாறாம் நாளு. மலையிலேந்து அவரு தம்பிங்க, பங்காளிங்க எல்லாம் எறங்கறாங்க."

படத்தைப் பார்த்தேன். ஆதார் அட்டையில் இருந்த முகத்தை ஸ்டுடியோவில் பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே கறுப்புக் கோட்டும் சிவப்பு டையும் போட்டுவிட்டிருந்தார்கள். கோட்டுக்குள்ளிருந்து மலைக்காட்டு முகம் ஒன்று, யாரோ வீட்டுக்கு விருந்துக்கு வந்துவிட்டவர்போல, கூச்சத்தோடு பார்த்தது.

"எப்பிடிம்மா போனாரு?"

"குடகுக்கு மொளகு பறிக்கப் போனாரு. ஏணி சரிஞ்சி மரத்துலேந்து வுழுந்துட்டாரு." கீறலை விரலால் தடவினாள். "காத்தால இவரு சொவத்துலேந்து வுழுந்தாரு. எம்பொண்ணு அப்பிடியே ஒக்காந்துட்டா. நீங்க சொல்லுங்கண்ணா. ஒருத்தரு எத்தினி தடவ வுழுவாரு? நாளைக்கி அவங்க தம்பிங்க முன்னாடி வுழுந்தா நான் இன்னா பண்ணுவேன்?"

முப்பது வருடமாக இந்தக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். 'நிக்கும்' என்ற வார்த்தை தானாகவே வாய் வரைக்கும் வந்தது.

"தெரியாதும்மா" என்றேன்.

எனக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. ஷட்டரைப் பாதி இறக்கினேன். "வா, சொவரப் பாக்கலாம்."

கச்சிராயபாளையம் ரோட்டுக்குப் பின்னால் ஓட்டு வீடு. ஒரே அறை, ஒரு சமையல் மூலை. உள்ளே நுழைந்ததும் பச்சைச் சுண்ணாம்பு வாடை. நாலு சுவரும் நீலம் கலந்த வெள்ளையில் பளபளவென்று இருந்தன. விரலால் தொட்டேன். விரல் மாவில் விட்டதுபோல வெள்ளையாக வந்தது.

"எப்ப அடிச்சீங்க?"

தமிழ்ப்ரியா சொன்னாள்: "வெள்ளிக்கெழம. அம்மாவும் நானும்தான். மலையிலேந்து ஆளுங்க வராங்க, அப்பா படம் அழுக்குச் சொவத்துல இருக்கக் கூடாதுன்னாங்க. சொவரும் மொழுக்குனு ஆவும், டேப்பும் நல்லா புடிக்கும்னு நெனச்சோம்."

படத்தின் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். நாலு துண்டு டேப்பும் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் அப்பளம்போல சுண்ணாம்பு உரிந்து வந்திருந்தது. டேப் பிடியை விடவேயில்லை. சுவர்தான் தன் தோலை விட்டிருந்தது. செத்தவருக்கு மரியாதை செய்யப்போய், அந்த மரியாதையே அவரைக் கீழே தள்ளியிருந்தது. இதை அந்தப் பெண்களிடம் எப்படிச் சொல்வது?

சொன்னேன். சுற்றி வளைக்காமல், ஒரு விலையைச் சொல்வதுபோல, சொல்லிவிட்டேன்.

"அப்போ நாங்கதான் தள்ளினோமா?" என்றாள் தமிழ்ப்ரியா.

"இல்லம்மா. எந்தச் சொவருன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல."

பேச்சுச் சத்தம் கேட்டு வீட்டுச் சொந்தக்காரர் ராயப்பன் பக்கத்துப் போர்ஷனிலிருந்து வந்தார். கரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"கொளஞ்சியப்பன், ஒன் கட எடைக்கல்லு அங்கயே இருக்குதா, இல்ல அதுவும் எறங்கிடுச்சா?"

"இருக்குது சார். அதுக்கு டைல்ஸ் சொவரு."

"அத வாங்கறப்பவே சொல்றதுக்கின்னா? வாயில டேப்பு ஒட்டியிருந்துச்சா?"

நான் வாங்கிக்கொள்ள வேண்டியது அது.

கீறிய கண்ணாடியையும் தரையில் உட்கார்ந்திருந்த தமிழ்ப்ரியாவையும் அவர் பார்த்தார். உள்ளே போய் சுத்தியலும் ஒரு மூன்றங்குல ஆணியும் கொண்டுவந்தார்.

"இந்தா, அடிச்சிக்கோ சாலம்மா. ஒரு ஆணிதானே. செத்தவருக்கு எடம் இல்லன்னு சொன்ன பேரு எனக்கு வேணாம்."

இந்த இடத்தில் அவள் கையெடுத்துக் கும்பிடுவாள் என்று நினைத்தேன். அவரும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார்.

அவள் ஆணியை வாங்கவில்லை. "சார், இது நிக்குமா?" என்று கேட்டாள்.

ராயப்பன் சுவரை விரல் முட்டியால் தட்டினார். பூச்சுக்குப் பின்னால், உள்ளே எங்கேயோ, மண் சரசரவென்று இறங்குகிற சத்தம் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"செம்மண்ணு வச்சிக் கட்டின சொவரும்மா" என்றார் கடைசியில். "அதனாலதான் ஆணி வேணாம்னேன். ஒரு மாசமும் நிக்கும், ஒரு நாள்லயும் பொத்துக்கும். சத்தியமா சொல்ல முடியாது."

"சரி சார். நெசத்தச் சொன்னீங்க, போதும்."

சாலம்மாள் சமையல் மூலைக்குப் போனாள். அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு மணையை இழுத்துக்கொண்டு வந்தாள். பலாப் பலகை, நடுப்பகுதி தேய்ந்து தேய்ந்து எண்ணெய் தடவியதுபோல வழவழத்தது. அதைச் சுவரோரம் போட்டாள்.

"இது எதுக்கும்மா?" என்று கேட்டேன். வியாபாரம் என்று வந்த நாளிலிருந்து நான் கேட்ட முதல் 'எதுக்கு' அதுவாகத்தான் இருக்கும்.

"அவரு குந்தி சாப்பிடறது. மலையிலேந்து எறங்கறப்போ ஒரு குண்டானும் இதும்தான் அவரு தூக்கிக்கினு வந்தது." படத்தை எடுத்து மணைமேல் நிறுத்திப் பார்த்தாள். "மேல வச்சாதானே வுழுவாரு? கீழ இருக்கறவரு எங்க வுழுவாரு?"

"தரையிலயா?" என்றார் ராயப்பன். "வர்றவங்க ஒரு மாதிரி பேச மாட்டாங்களா? செத்தவங்க படத்த மேலதானே மாட்டுவாங்க?"

"பேசட்டும் சார். பேசினா வுழ மாட்டாரு."

படம் வழுக்காமல் இருக்க வேண்டும். அந்த வேலை என்னுடையது. மணையின் தேய்ந்த இடத்தை உலர்ந்த துணியால் மூன்று தடவை துடைத்தேன். சட்டத்தின் அடியிலிருந்த சுண்ணாம்பைச் சுரண்டினேன். சட்டைப் பையில் எடுத்து வந்திருந்த புது டேப்பை வெட்டி ஒட்டி, மேல்தாளை உரித்துவிட்டு, "அழுத்திப் புடிம்மா, நூறு எண்ற வரைக்கும்" என்றேன். தமிழ்ப்ரியா இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்தாள். வாய்க்குள் எண்ணினாள். நூறு வந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

பிறகு தாய் வந்து படத்தைத் தள்ளிப் பார்த்தாள். முதலில் மெதுவாக. அப்புறம் தோளால் இடிப்பதுபோல பலமாக. மணையோடு சேர்ந்து ஒரு விரற்கடை நகர்ந்தது; மணையைவிட்டுப் பெயரவில்லை.

"எத்தினி நாளு நிக்கும்னு கேக்க மாட்டேங்கறியேம்மா?" என்றேன்.

"இப்ப எதுக்குக் கேக்கணும்?" என்றாள்.

மறுநாள் காரியத்துக்கு நானும் போயிருந்தேன். உறவு இல்லாதவன் என்று மூலையில் நின்றேன். மலையிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே நுழைந்து முதலில் சுவரை அண்ணாந்து பார்த்தார்கள். வெள்ளைச் சுவரில் ஒன்றும் இல்லை. கண்ணைக் கீழே இறக்கினார்கள். அப்புறம் நிற்க முடியவில்லை அவர்களால், உட்கார்ந்தார்கள். சுவரில் மாட்டியிருந்தால் நின்றபடியே கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இங்கே எல்லோரும் அவருக்கு எதிரே, முகத்துக்கு நேராக, சம்மணம் போட வேண்டியிருந்தது.

யாரோ ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அதற்குள் செத்தவரின் தம்பி, அறையிலேயே பெரிய ஆள், படத்தின் முன் குந்தி அந்தக் கோட்டையும் டையையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு மணையைப் பார்த்தார். அந்தத் தேய்மானம் அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஏண்ணி" என்றார், "எங்கண்ணன் கோட்டு மாட்டிக்கினு சோத்துக்குக் குந்தியிருக்குது பாரு."

சிலர் சிரித்தார்கள். சிரித்த வாயோடேயே அழுதார்கள். சாலம்மாள் இலையைக் கொண்டுவந்து மணைக்கு முன்னால் விரித்தாள். தண்ணீர் தெளித்தாள். சாமைச் சோற்றை வைத்தாள். எழுந்திருக்கும்போது பிடிமானத்துக்குச் சட்டத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள், கணவன் தோளில் ஊன்றி எழுவதுபோல.

அது நின்றது.